நம்ம ஊர் மகா வித்தியாலயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் சிறு நகரங்களில் உள்ள தமிழ்மொழி மூல அரச பாடசாலைகளைப் பற்றிப் பெற்றோரும் பழைய மாணவரும் நூற்றாண்டு மலர்க் குழுவினரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள். தனியொரு பாடசாலையை மனதில் வைத்து எழுதப்படவில்லை. கரையோர ஊர்களுக்கும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்கும் பொதுவானவை.

எங்கள் பாடசாலை தொடங்கிய ஆண்டை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எது சரி?

பெரும்பாலும் எல்லாமே சரியாக இருக்கும். ஒரே வளவுக்கு நான்கு தொடக்கங்கள் உண்டு: யாரோ ஓலைக் கொட்டிலில் பிள்ளைகளைக் கூட்டிப் படிப்பித்த ஆண்டு, அது அரச நிதியுதவி பெறும் பாடசாலையாகப் பதிவான ஆண்டு, அரசாங்கம் பொறுப்பேற்ற ஆண்டு, மகா வித்தியாலயமாகத் தரமுயர்ந்த ஆண்டு. மலர்க் குழுக்கள் சண்டை பிடிப்பது இந்த நான்கில் எதை எண்ணுவது என்றுதான்.

பதிவான ஆண்டை, அதாவது முதலாவது சேர்விடாப்பின் (மாணவர் சேர்வுப் பதிவேட்டின்) முதல் பதிவுக்குரிய ஆண்டைத் தொடக்கமாகக் கொள்வதே பாதுகாப்பு. அதற்குக் கடதாசி ஆதாரம் இருக்கும். மற்ற மூன்றையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். கல்வெட்டில் வெறும் ஆண்டை மட்டும் பொறிக்காமல் ‘பதிவு’, ‘பொறுப்பேற்பு’ என்று கூடவே எழுதினால் அடுத்த தலைமுறைக்குத் தலையிடி இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில உறுதியான ஆண்டுகள்: மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் பள்ளி தொடங்கியது 1814 இல். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அந்த ஆண்டிலிருந்தே எண்ணுகிறது. வின்சன்ற் மகளிர் பாடசாலை 1820, புனித மிக்கேல் கல்லூரி 1873. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியது 1929 இல். ஒரு சிற்றூர்ப் பாடசாலை 1814 க்கு முந்திய ஆண்டைக் கோரினால் திண்ணைப் பள்ளியைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். திண்ணைப் பள்ளியும் பள்ளிதான், ஆனால் அதற்கு இடாப்பு கிடையாது.

பழைய பெயர்ப்பலகையில் ‘மெ.மி.த.க.’ என்று இருக்கிறது. என்ன அது?

மெதடிஸ்த மிஷன் தமிழ்க் கலவன் பாடசாலை. ‘றோ.க.த.க.’ என்றால் றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன், ‘இ.கி.மி.’ என்றால் இராமகிருஷ்ண மிஷன், ‘அ.த.க.’ என்றால் அரசினர் தமிழ்க் கலவன். இந்த எழுத்துகளிலேயே பாடசாலையின் பாதி வரலாறு இருக்கிறது: யார் கட்டினார்கள், யாருடைய காணி, ஆரம்பத்தில் யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று தேடவேண்டிய இடத்தை அவை காட்டும்.

1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கீழ்க் கொண்டுவந்தன. அதன் பிறகு பல பாடசாலைகள் விபுலானந்தா, சரஸ்வதி, கலைமகள், ஊர்ப்பெயர் என்று மாறின. சில பழைய எழுத்துகளை இன்றும் விடவில்லை. பெயர் மாறிய திகதி சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் (ஊரில் ‘லொக் புக்’) இருக்கும்.

எங்கள் ஊர் அம்பாறை மாவட்டம். ஆனால் பாட்டனாரின் சான்றிதழில் ‘மட்டக்களப்பு’ என்று இருக்கிறதே?

பிழையில்லை. அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல். அதற்கு முன் கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான். சுவடிகளில் தேடும்போதும் அந்தத் தலைப்பின் கீழேயே தேடவேண்டும். இதைத் தெரியாமல் ‘எங்கள் பாடசாலை பற்றி ஒன்றும் இல்லை’ என்று திரும்பி வந்தவர்கள் பலர்.

1 ஏபி, 1 சி, வகை 2 என்றால் தரவரிசையா?

இல்லை. எதுவரை, என்ன படிக்கலாம் என்பதன் குறி. 1 ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் உட்பட எல்லாப் பிரிவும் நடத்த அனுமதி. 1 சி என்றால் உயர்தரத்தில் கலை, வர்த்தகம். வகை 2 தரம் 11 வரை. வகை 3 ஆரம்பப் பாடசாலை அல்லது தரம் 8 வரை.

அனுமதி ஒன்று, ஆசிரியர் இருப்பது வேறொன்று. 1 ஏபி பலகை தொங்கும் சிறு நகரப் பாடசாலையில் பௌதிகவியலுக்கு ஆளில்லாமல் இரண்டு தவணை போவது புதினமல்ல. தரம் 12 இல் சேர்க்குமுன் மூன்று விடயம் கேளுங்கள்: பிரதான மூன்று பாடங்களுக்கும் நிரந்தர ஆசிரியர் உண்டா, கடந்த முறை அந்தப் பிரிவில் எத்தனை பேர் தோற்றினார்கள், ஆய்வுகூடத்தில் தண்ணீர், காஸ் இணைப்பு வேலை செய்கிறதா. மூன்றாவதைக் கேட்டால் சில இடங்களில் முகம் சுருங்கும். கேட்கத்தான் வேண்டும்.

தேசிய பாடசாலை, மாகாணப் பாடசாலை என்ற வேறுபாடு நிர்வாகம் சார்ந்தது. முன்னையது நேரடியாகக் கல்வி அமைச்சின் கீழ், பின்னையது மாகாண சபையின் கீழ். பாடத்திட்டமும் பரீட்சையும் ஒன்றே.

எங்கள் பாடசாலையில் பழைய பதிவேடுகளே இல்லை. எங்கே போயின?

கிழக்கில் இந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஒரு திகதியாக இருக்கும். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்புக் கரையைக் கடந்தபோது கூரைகள் பறந்தன, அலுமாரிகள் மழையில் கிடந்தன. 1990 இலும் 2006, 2007 இலும் போரால் இடம்பெயர்ந்த ஊர்களில் பாடசாலைகள் வெறுமையாகின, அல்லது அகதி முகாமாகின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோரப் பாடசாலைகளைக் கட்டடத்தோடு கொண்டுபோனது. அன்று ஞாயிற்றுக்கிழமையும் போயா தினமும், அதோடு தவணை விடுமுறை. வகுப்புகள் நடக்கவில்லை, இடாப்புகள் மட்டும் அலுமாரிக்குள் இருந்தன. அதன் பின் சில பாடசாலைகள் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டன. ஆகவே இன்றைய வளவும் பழைய வளவும் வேறாக இருக்கலாம்.

மீட்டெடுக்க நினைப்பவர்கள் இந்த ஒழுங்கில் போனால் நேரம் மிச்சம்:

முதலில் பாடசாலைக்குள்ளேயே பாருங்கள். அதிபர் அறை அலுமாரியை விட, களஞ்சிய அறையில் பழைய மேசைகளுக்குப் பின்னால் இருக்கும் கட்டுகளில்தான் கிடைக்கும். பிறகு வலயக் கல்வி அலுவலகம். மிஷன் பாடசாலையாக இருந்தால் உரிய திருச்சபையின் பதிவுகள். பழைய வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டன் பல்கலைக்கழகத்தின் கிழக்கத்திய, ஆபிரிக்கக் கற்கைகள் பாடசாலையின் நூலகத்தில் உள்ளன. கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் குடியேற்றக் காலக் கல்வித் திணைக்களத்தின் ஆண்டு நிர்வாக அறிக்கைகளைப் பார்க்கலாம். நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் பாடசாலை மலர்கள் ஏராளமாக மின்வருடப்பட்டுள்ளன. உங்கள் மலர் கிடைக்காவிட்டாலும் பக்கத்து ஊர் மலரில் உங்கள் அதிபரின் பெயர் இருக்கும். அந்தக் காலத்தில் ஒரே ஆட்கள்தான் ஊர் ஊராக மாறிப் போனார்கள்.

கிடைத்த இடாப்பைக் கையால் புரட்ட வேண்டாம். 1940களின் கடதாசி மடிப்பில் உடையும். மேசையில் விரித்து, மேலிருந்து, பகல் வெளிச்சத்தில் தொலைபேசியால் படமெடுங்கள். ஒவ்வொரு படத்திலும் பக்க எண் தெரிய வேண்டும். கறையானுக்கு மண்ணெண்ணெய் பூசுவதும் கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டுவதும் பெரிய கெடுதல். ரேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும்.

விடுகைப் பத்திரம் தொலைந்துவிட்டது. திரும்ப எடுக்கலாமா?

எடுக்கலாம். அதிபருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: முழுப்பெயர், பிறந்த திகதி, தந்தை பெயர், சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டும் தரமும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதிகளை இணையுங்கள். சேர்விலக்கம் தெரிந்தால் ஐந்து நிமிட வேலை. தெரியாவிட்டால், உங்களோடு அதே ஆண்டு சேர்ந்த ஒருவரின் இலக்கத்தைக் கேட்டுப் போங்கள். உங்கள் பெயர் அதற்கு முன்பின் பக்கங்களில்தான் இருக்கும்.

இடாப்பே இல்லையென்றால் வேறு ஆதாரம் தேவை: பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து க.பொ.த. பெறுபேற்றுச் சான்றிதழ், கையில் இருக்கும் தேர்ச்சி அறிக்கை, சமாதான நீதவான் முன் செய்த சத்தியக் கடதாசி. அதிபர் தனியாக முடிவெடுக்கத் தயங்குவார், அது நியாயம். வலயக் கல்வி அலுவலகத்தின் ஆலோசனையோடு செய்யச் சொல்லுங்கள்.

அதிகம் சிக்குவது பெயரில். பிறப்புச் சான்றிதழில் ‘தவராசா’, இடாப்பில் ‘தவராஜா’, பரீட்சைச் சான்றிதழில் இன்னொன்று. வெளிநாட்டு விண்ணப்பத்தின்போதுதான் இது கண்ணில் படும். பிள்ளை சேரும் நாளிலேயே பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் பதியச் சொல்லுங்கள். 15 வயதில் பாடசாலை மூலம் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது இன்னொரு தடவை சரிபாருங்கள். அதற்குப் பிறகு திருத்துவது நீண்ட அலைச்சல்.

பாடசாலை நாள் எப்படிப் போகும்?

வழக்கமான ஒழுங்கு: 7.30 க்கு மணி, காலை ஆராதனை, பிறகு 40 நிமிடப் பாடவேளைகள் எட்டு, நடுவில் 20 நிமிட இடைவேளை, 1.30 க்கு விடும். ஆராதனை நீண்டால் முதலாம் பாடவேளைதான் தேயும். அது கணிதமாக அமைந்த வகுப்புக்கு ஒரு தவணையில் பல மணித்தியாலம் போய்விடும். நேரசூசி போடும் பிரதி அதிபர்கள் இதற்காகவே முதலாம் பாடவேளையை நாளுக்கு நாள் மாற்றி வைப்பார்கள்.

இடைவேளைக்குக் கன்டீனில் ரொட்டி, பணிஸ், கடலை. 20 நிமிடத்தில் சிறிய பிள்ளைகள் வரிசையில் முன்னுக்கு வரமாட்டார்கள். தரம் 6, 7 பிள்ளைகளுக்கு வீட்டுச் சாப்பாடு கொடுத்தனுப்புவது நல்லது.

பாடநூல் இலவசம் (1980 முதல்), சீருடைத் துணியும் இலவசம் (1993 முதல்). பாடசாலைக் கல்விக்கே கட்டணமில்லை என்றானது 1945 ஒக்ரோபர் 1 இல். அதற்கு முன் ஆங்கிலக் கல்விக்குக் காசு கட்டவேண்டும். இந்தப் பகுதியின் பழைய இடாப்புகளில் பிள்ளைகள் இடைநடுவில் விலகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஏதும் விசேட ஒழுங்கு உண்டா?

எழுத்தில் பெரிதாக இல்லை, நடைமுறையில் உண்டு. மண்டூர்–குருமண்வெளி, அம்பிளாந்துறை–குருக்கள்மடம் துறைகளில் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையில்) ஏறி வருகிற ஆசிரியரும் மாணவரும் உண்டு. காற்றும் வெள்ளமும் கூடினால் பாதை ஓடாது. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கத்தாருக்கு இந்தப் பிரச்சினை குறைந்தது.

மாரியில், அதாவது நவம்பர் முதல் ஜனவரி வரை, உயர்தரப் பரீட்சை வந்தால் அக்கரைப் பிள்ளைகளைப் பரீட்சை நிலையத்தின் பக்கத்திலுள்ள உறவினர் வீட்டில் தங்கவைப்பது ஊர் வழக்கம். 2024 நவம்பர் இறுதியில் வெள்ளத்தால் பரீட்சையே நாடு முழுவதும் இடைநிறுத்தப்பட்டு டிசம்பரில்தான் தொடர்ந்தது. அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் வாய் கட்டிய பொலித்தீன் உறையில் வையுங்கள். கொப்பிகளை விட அவை முக்கியம்.

இல்ல விளையாட்டுப் போட்டி ஏன் எப்போதும் பெப்ரவரி, மார்ச்சில்?

மைதானம் அப்போதுதான் காயும். ஜனவரியில் கோடு போட்டால் ஒரு மழைக்குச் சுண்ணாம்பு போய்விடும். இன்னும் தள்ளினால் வெயில் கொல்லும், கோட்ட, வலயப் போட்டிகளுக்குத் தெரிவும் பிந்தும்.

மாணவரை இல்லங்களுக்குப் பிரிப்பது பெரும்பாலும் சேர்விலக்கத்தின்படி. கூடப்பிறந்தவர்களை ஒரே இல்லத்தில் விடுவதும் உண்டு. புள்ளி வழங்கல் பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடும். அஞ்சலோட்டத்துக்கு இரட்டிப்புப் புள்ளியா இல்லையா என்பதைப் போட்டிக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். கடைசி நாள் சச்சரவில் பாதி அதனால்தான்.

எங்கள் மைதானத்தில் 400 மீற்றர் பாதை அடங்காது. 200 மீற்றர் பாதையைச் சரியாகப் போடுவது எப்படி?

ஆறு ஓடுபாதைக்கு ஏறத்தாழ 93 மீற்றர் நீளமும் 53 மீற்றர் அகலமும் போதும், சுற்றிவர நிற்க இடம் தனி. நேர்ப்பகுதி இரண்டும் தலா 40 மீற்றர். வளைவு இரண்டும் சேர்ந்து 120 மீற்றர். அதற்கு உள்விளிம்பின் ஆரை 18.80 மீற்றர். ஓடுபவர் விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி ஓடுவதாகக் கணக்கு, எனவே ஓட்ட ஆரை 19.10. ஓடுபாதை அகலம் 1.22 மீற்றர்.

முதலில் நடுக்கோட்டில் 40 மீற்றர் இடைவெளியில் இரண்டு முளை அடித்து, ஒவ்வொன்றையும் மையமாக வைத்து அரைவட்டம் இழுங்கள். தென்னங்கயிறும் நைலோனும் இழுபடும். உருக்கு நாடா அல்லது மெல்லிய கம்பி பாவியுங்கள். கயிற்றில் 10 சென்ரிமீற்றர் இழுபட்டால் ஒரு சுற்றில் 60 சென்ரிமீற்றருக்கு மேல் பிழைக்கும்.

அதிகம் பிழைப்பது தொடக்க இடங்களில்தான். ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டாம் ஓடுபாதையை 7.04 மீற்றர் முன்தள்ள வேண்டும், அடுத்த ஒவ்வொன்றையும் மேலும் 7.67 மீற்றர். இந்த அளவு பாதை பெரிதா சிறிதா என்பதில் தங்கியதல்ல, ஓடுபாதை அகலத்தில் தங்கியது. 400 மீற்றர் பாதைக்கும் இதே எண்கள்தான். ஆனால் பெரிய பாதையில் 200 மீற்றர் ஓட்டம் அரைச் சுற்று, அங்கே 3.52. நம் சிறிய பாதையில் அதே ஓட்டம் முழுச் சுற்று. கைநூலில் 200 மீற்றருக்கு எழுதியிருக்கும் 3.52 ஐ அப்படியே எடுத்தால் இரண்டாம் பாதைக்காரர் மூன்றரை மீற்றர் கூட ஓடுவார், ஆறாமவருக்கு அநியாயமே நடக்கும். 400 மீற்றரை இரண்டு சுற்றும் தத்தம் பாதையிலேயே ஓட்டுவதானால் 14.07, பிறகு ஒவ்வொன்றுக்கும் 15.33.

தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் கூத்துப் பழக்கலாமா?

தாராளமாக. வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகளும் உயிரோடு இருக்கும் ஊர்களில் அண்ணாவியாரை (கூத்துப் பழக்குபவரை)த் தேடி வெளியே போகத் தேவையில்லை. ஒரு மாணவனின் பெரியப்பாவாக இருப்பார். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தப் பகுதிக் கூத்தைச் சுருக்கி மேடைக்கு ஏற்றிய பிறகு, பாடசாலைக் கூத்தும் அந்தத் தடத்தில் வந்தது.

விடியவிடிய ஆடும் கூத்தை நிமிடக் கணக்குக்குள் அடக்கும்போது ஆட்டத்தை வெட்டிப் பாட்டை வைத்துவிடுகிறார்கள். அது பாடசாலைக் கூத்துகளின் பெரிய குறை. கதையில் ஒரு கட்டத்தை மட்டும் எடுங்கள், வரவுத் தாளமும் ஆட்டமும் முழுதாக இருக்கட்டும். பழக்கத்தை முதல் நாளிலிருந்தே மத்தளத்தோடு செய்யுங்கள். கையடித்துப் பழகிய பிள்ளைகள் மேடையில் மத்தளம் கேட்டதும் கால் தடுமாறுவார்கள். உடுப்பை இரண்டு தடவையாவது போட்டு ஆடவிடுங்கள். பாரம் தெரியாமல் ஆடினால் இடையில் மூச்சு வாங்கும், பாட்டு விழும்.

நாடகமும் அரங்கியலும் க.பொ.த. பாடமாகவும் உண்டு. கூத்தாடிய பிள்ளைக்கு அது வீணாகாது.

சாதாரண தரத்தில் எது இருந்தால் உயர்தரத்துக்குப் போகலாம்?

ஒன்பது பாடங்களில் ஆறு சித்தி, அவற்றுள் முதன்மொழியும் கணிதமும் இருக்கவேண்டும். அந்த ஆறில் குறைந்தது மூன்று திறமைச் சித்தியாக (சி அல்லது மேல்) இருக்கவேண்டும். 35 புள்ளி சாதாரண சித்தி, 50 திறமைச் சித்தி, 65 பி, 75 ஏ. விஞ்ஞானப் பிரிவுக்கு உரிய பாடங்களில் பாடசாலை கூடுதலாக எதிர்பார்க்கும். நம் பகுதியில் பிள்ளைகள் தடக்குவது பெரும்பாலும் கணிதத்தில். தரம் 9 இல் பின்னம், அட்சரகணிதம் ஆடினால் தரம் 11 இல் வினாத்தாள் வகுப்பு வைத்துப் பிடிக்க முடியாது.

ஒரே புள்ளிக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் ஏன் வேறு அனுமதி?

பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும்போது பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டப் பங்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் உள்ளன. இசட் புள்ளி என்பது ஒவ்வொரு பாடத்திலும் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே நிற்கிறார் என்பதன் கணக்கு. வெறும் ‘மூன்று ஏ’ போதாமல் போவது அதனால்.

மாவட்டத்தைத் தீர்மானிப்பது பிறந்த ஊரல்ல, பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டும் படித்த பாடசாலை. ஆகவே கொழும்புக்கோ கண்டிக்கோ இடைநடுவில் மாற்றும் பெற்றோர் சேர்ந்த திகதி, விலகிய திகதி இரண்டையும் சரியாகப் பதிந்து பிரதி வைத்திருக்க வேண்டும்.

உயர்தரப் பிள்ளைகள் ரியூஷனுக்குப் போய்ப் பாடசாலைக்கு வராமல் விட்டால்?

80 வீத வரவு இல்லாவிட்டால் பாடசாலைப் பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்க முடியாது. மருத்துவச் சான்றிதழை மாதக் கடைசியில் மொத்தமாகக் கொண்டுவந்தால் வகுப்பாசிரியரால் ஒன்றும் செய்ய இயலாது; இடாப்பு மாத முடிவில் கூட்டி மூடப்படும். திரும்பி வந்த அன்றே கொடுங்கள்.

பழைய மாணவர் சங்கமாக உதவ விரும்புகிறோம். என்ன கொடுக்கலாம்?

கேட்டுவிட்டுக் கொடுங்கள். நிதி பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்கு வழியாகப் போகட்டும், பற்றுச்சீட்டு எடுங்கள். ஸ்மார்ட் போட் வாங்கிக் கொடுக்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு. உருகியும் புவித்தொடுப்பும் இல்லாத பழைய வயரிங்கில் அது ஒரு மின்னலோடு போகும். முதலில் வயரிங்கைப் பாருங்கள். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள பாடசாலையென்றால் இரும்புக் கதிரை, இரும்புக் கேற் வேண்டாம். உப்புக்காற்றில் ஒட்டிய இடங்கள் முதலில் உக்கும், பிள்ளைகளின் சட்டை கிழியும். மரத் தளபாடம் அல்லது அலுமினியம் கூட நாள் நிற்கும்.

செலவில்லாத, ஆனால் யாரும் செய்யாத ஒன்று: உங்கள் தொகுதிப் படத்தில் நிற்பவர்களின் பெயர்களை வரிசைப்படி எழுதிப் பாடசாலைக்கு ஒரு பிரதி கொடுங்கள். அதிபர் காரியாலயச் சுவரில் தொங்கும் படங்களில் பாதிக்கு மேல் இப்போது முகம் மட்டும்தான் இருக்கிறது.